ஐந்தாம் அரை

ஜூன் 9

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான் சுகம், இங்கே எல்லாரும் சுகம். உன் மூட்டுவலி, சளி, புதுக் கண்ணாடி மூன்றும் எப்படி இருக்கின்றன என்று தனித்தனியாக எழுது.

நம் அருங்காட்சியகத்தை அறை அறையாக எழுதி அனுப்பச் சொல்லியிருந்தாய். ஏன் இப்போது என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தொலைபேசியில் சொல்லலாம் என்றால் என் காது ஒத்துழைக்காது; பக்கத்தில் நின்று உரக்கப் பேசினால்தான் கேட்கிறது. குழப்பம் வராமலிருக்க முதலில் வரிசை போட்டுக்கொள்கிறேன்.

1. அறைகள் ஐந்து. ஒரு கடிதத்துக்கு ஓர் அறை.

2. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவேன். மனத்தில் தோன்றுவதை எழுதினால் மறுநாளே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

3. ஐந்தாம் அறை ஓவியத்தில் வாசற்படியில் இருக்கும் பெண் வீட்டுக்குள் போகிறாள். வெளியே வரவில்லை. அறுபது வருடச் சண்டையை மறுபடி கிளப்புவதற்காக இல்லை, பதிவுக்காக.

4. உன் எழுத்துப் பிழைகளைக் கடித முடிவில் குறிப்பேன். முப்பத்தெட்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்திய கை சும்மா இருக்காது.

5. கூரையைப் பழுதுபார்க்க ஐந்தாம் அறையை நவம்பர் 30 அன்று மூடுகிறார்கள். எப்போது திறப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. நாம் இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். அதற்குள் நீ ஒருமுறை வந்துவிட வேண்டும்.

ஐந்தாவதுதான் முக்கியம். அதை முதலில் எழுதியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

முதல் அறை. ஞாயிற்றுக்கிழமை மகள், மாப்பிள்ளை, பேத்தியோடு போனேன். கற்சிலைகள் அதே வரிசையில்தான் நிற்கின்றன. ஜன்னலின் மஞ்சள் கண்ணாடி வழியாக விழும் வெயிலை நான் இளமஞ்சள் என்று நினைத்திருந்தேன். இல்லை, அது பழைய காகிதத்தின் மஞ்சள். மாப்பிள்ளை சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, எல்லாச் சிலைக்கும் மூக்கு உடைஞ்சிருக்கே, ஒரே ஆளோட சண்டைக்குப் போயிருக்கும் போல" என்றார். "சும்மா இருங்களேன், காவலாளி பாக்கறாரு" என்றாள் மகள். காவலாளி பார்க்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார். பேத்தி தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள். இப்படிப் பார்த்தால் சிலைகள் மிதக்கின்றனவாம்.

பதிலை எதிர்பார்க்கும்
அண்ணன்

—

ஜூன் 27

அண்ணாவுக்கு,

உன் சில்வண்டு எழுதுகிறேன். நீ வைத்த பெயர்தானே, வாய் மூடாதவள் என்று. எல்லாரும் சௌக்கியம். மூட்டு வலிக்கிறது, சளி போய்விட்டது, கண்ணாடி மூக்கின் மேல் இருக்கிறது. வரி மேலும் கீழும் போனால் பேனாவைத் திட்டு, என்னைத் திட்டாதே.

முதல் அரையைப் படித்ததும் அந்தக் கல்தரையின் குளிர் உள்ளங்காலில் ஏறிவிட்டது. விடுமுறை முழுக்க அங்கேதானே கிடந்தோம்! அப்பா டிக்கெட் கவுன்டரில், நாம் உள்ளே. மதியம் யாரும் வராத நேரத்தில் ஒவ்வொரு அரையும் நமக்கே சொந்தம். நீ சுவற்றில் மாட்டியிருக்கும் குறிப்பையெல்லாம் படித்துத் தப்புக் கண்டுபிடிப்பாய். நான் அந்த ஐந்தாம் அரைக்கு ஓடிவிடுவேன்.

உன் மூன்றாவது அநியாயம். அவள் வெளியேதான் வருகிறாள். உள்ளே போகிற முகமா அது?

வருவதைப் பற்றி: மூட்டு வலி தீரட்டும். பார்க்கலாம். நீ அடுத்த அரையை எழுது. நிறத்தையெல்லாம் விடாமல் எழுது, நீ எழுதினால் சரியாக இருக்கும்.

உன் காதுக்குச் சொட்டு மருந்து விட்டாயா?

தங்கை

—

ஜூலை 15

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. சொட்டு மருந்து விட்டேன், காது கேட்கவில்லை, மருந்து இனித்தது. மற்றபடி சுகம். உன் மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

இரண்டாம் அறை, உலோகப் பொருள்கள். இந்த முறை பேத்தி மட்டும் என்னோடு வந்தாள். அங்கே மூன்று பச்சைகள் இருக்கின்றன. வாள்களின் கைப்பிடியில் இருப்பது பாசியின் பச்சை. மணிகளின் விளிம்பில் இருப்பது பச்சையும் நீலமும் கலந்தது, ஈரம் மாதிரி தெரியும், தொட்டால் காய்ந்திருக்கும் (தொடக் கூடாது, காவலாளி விழித்திருக்கவில்லை). மூன்றாவது, அந்தப் பெரிய தாம்பாளத்தின் நடுவில் நாணயம் அளவுக்கு ஒரு துளி, புதுத் தளிரின் பச்சை. அது முன்பு இருந்ததா? எனக்கு நினைவில்லை. உனக்கு இருக்கும்.

பேத்தி தாம்பாளத்தில் தன் முகத்தைத் தேடினாள். "தாத்தா, இதுல யாரோ இருக்காங்க, ஆனா நான் இல்ல" என்றாள். நானும் குனிந்து பார்த்தேன். நெற்றி மட்டும் தெரிந்தது. அது அப்பாவின் நெற்றி போல இருந்தது. இரண்டாவது விதியை மீறுகிறேன், மன்னித்துவிடு.

மூட்டு எப்போது தீரும் என்று மருத்துவர் தேதி சொன்னாரா?

திருத்தங்கள்: "சுவற்றில்" தவறு, "சுவரில்" சரி. "அரை" என்றால் பாதி. நாம் நுழைவது அறை, வல்லின றகரம். (கன்னத்தில் விழுவதற்கும் அதே எழுத்துதான். நேரில் வந்தால் விளக்கிக் காட்டுகிறேன்.) எட்டு வயதிலிருந்து சொல்லிவருகிறேன்.

அன்புடன்
அண்ணன்

—

ஆகஸ்ட் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். எழுத்து வேறாக இருக்கிறதே என்று திகைக்காதே. மணிக்கட்டில் சுளுக்கு. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

அந்தத் தளிர்ப் பச்சை அப்போதே இருந்தது. அப்போது மிளகு அளவு. வளர்ந்திருக்கிறது.

இரண்டாம் அறையை நான்கு முறை வாசித்தாயிற்று. மூன்றாம் அறையை எப்போது எழுதுவாய்? அங்கே பூட்டுகள் இருக்குமே.

பயணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். பேரனுக்குப் பரீட்சை வருகிறது. பிறகு ரயிலில் கூட்டமாக இருக்கும். மூடினால் மூடட்டும் அண்ணா, திறக்காமலா போவார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

—

செப்டம்பர் 5

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. மணிக்கட்டுக்கு எண்ணெய் தடவிக் கட்டுப் போடு. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனம்தான் கொஞ்சம் சுணங்கியிருக்கிறது. "மூடினால் மூடட்டும்" என்று நீ எழுதுவாய் என்று நான் நினைக்கவில்லை. இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன்.

மூன்றாம் அரை. வீட்டுச் சாமான்கள், பூட்டுகள், சாவிகள். அரையின் நடுவில் நீலப் பூப் போட்ட தட்டுகளை அடுக்கியிருக்கிறார்கள். ஒரு தட்டில் மட்டும் வர்ணம் எல்லைக்கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது. அதைச் செய்தவன் அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பான். நூற்று ஐம்பது வருடமாக அந்த ஒரு திரும்பல் அங்கேயே இருக்கிறது. பூட்டுகள் எல்லாம் பூட்டியபடியே இருக்கின்றன. சாவிகள் அரையின் மறு மூலையில், வேறு பெட்டிக்குள். "ரெண்டையும் பக்கத்துல வெச்சா ராத்திரி பேசிக்குமோன்னு பயம் போல" என்றாள் மகள். அவளும் உன்னைப் போல்தான் பேசுகிறாள்.

உன் பதிலை வழக்கத்தைவிட ஆவலாக எதிர்பார்க்கிறேன். காரணம் உனக்கே தெரியும்.

அண்ணன்

—

செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே யாவரும் நலம். உன் மனம் சுணங்கியது கேட்டு எனக்கும் சோறு இறங்கவில்லை. அப்படிச் சொன்னது தப்புதான்.

ஆவலுக்கு என்ன காரணம் என்று யோசித்துப் பார்த்தேன். தட்டு செய்தவனைப் பற்றி நீ எழுதியதுதானே? மருமகளும் அதே இடத்தில் நிறுத்தி, "மாமா அழகா எழுதறாரு" என்றாள். உன் இரண்டாவது விதி எங்கே போயிற்று?

ஐந்தாம் அறைக்குச் சீக்கிரம் வந்து சேர். நான்காவது வேண்டுமானால் சின்னதாக இருக்கட்டும்.

தங்கை

—

செப்டம்பர் 29

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமியாரின் அண்ணன் எழுதுவது. நீயும் குழந்தையும் நலமா? உன் பெயருக்குத் தனி உறையில் எழுதுவது முறையா என்று இரண்டு நாள் யோசித்தேன். இதைத் தங்கைக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

என் சென்ற கடிதத்தில் "அறை" என்று வரவேண்டிய மூன்று இடங்களிலும் வேண்டுமென்றே "அரை" என்று எழுதினேன். அவள் பார்த்ததும் துள்ளிக் குதிப்பாள், ஆறு தலைமுறைக்குச் சொல்லிச் சிரிப்பாள், அந்தச் சிரிப்பில் வரச் சம்மதித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசிக்கக் கேட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் காதில் விழும். கண்ணால் பார்த்தால்தான் தெரியும். மணிக்கட்டுச் சுளுக்கு எழுத விடாது. படிக்க விடாமல் செய்யாது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பிழை திருத்துபவனுக்கு இல்லாத பிழையும் கண்ணில் படும். என் சந்தேகம் தவறு என்று நீ ஒரு வரி எழுதினால் போதும்.

ஆசிகளுடன்
மாமா

—

அக்டோபர் 8

மாமாவுக்கு வணக்கம்.

நாங்கள் நலம். நீங்கள் கேட்ட ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

அத்தைக்குப் பார்வை போன வருடக் கடைசியிலிருந்தே குறைந்துகொண்டு வந்தது. ஜூன் மாதக் கடிதத்தை அவர்களே எழுதினார்கள். மூன்று நாள் ஆயிற்று. ஆகஸ்டில் ஆபரேஷன் செய்தும் பயனில்லை. இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிகிறது. உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். மூட்டும் பரீட்சையும் சாக்குதான். "அங்க போய் நின்னு ஒண்ணும் தெரியலைன்னா, மனசுல இருக்கிற மியூசியமும் போயிடும். இங்கேயே இருந்தா அது அப்படியே இருக்கும்" என்கிறார்கள். ஆனால் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எனக்கு முன்னால் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள்.

"அரை"யை நானும் கவனித்தேன் மாமா. பெரியவர் எழுத்தில் திருத்தம் சொல்வது மரியாதையாக இருக்காதே என்று பேசாமல் வாசித்துவிட்டேன்.

இப்படிக்கு
மருமகள்

—

அக்டோபர் 16

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நலம். உன் மணிக்கட்டு நலமா?

நான்காம் அறையில் வரைபடங்கள். தரை மரப்பலகை; ஏழாவது பலகை இன்னும் முனகுகிறது என்று பேத்தி சொன்னாள். எனக்குக் கேட்காது, காலுக்குத் தெரிந்தது. அங்கிருந்து ஐந்தாம் அறைக்கு மூன்று படிகள். கைப்பிடிக் கட்டை வழவழப்பாக, கடைசியில் ஒரு முடிச்சோடு முடிகிறது. உள்ளே ஆளிவிதை எண்ணெயும் பழைய துணியும் கலந்த வாசனை. பிறகு ஓவியம். ஒரு பக்கம் அறை, ஒரு பக்கம் முற்றம், நடுவே வாசற்படி, அதன் மேல் அவள். தோள் ஒரு பக்கம், முகம் மறு பக்கம். பாதங்கள் தெரிந்தால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். ஆனால் ஓவியத்தின் அடிப்பாகத்தை மறைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடி அலமாரி இன்னும் நிற்கிறது. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்தபடி கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் எல்லாக் கண்ணாடிப் பெட்டிகளும் திறந்திருந்தன. யாரும் எதையும் எடுக்கவில்லை. அப்பா கவுன்டரில் இருந்தார். ஒரு டிக்கெட்டை நீளவாக்கில் கிழித்து, "உனக்கு அரை, அவளுக்கு அரை" என்று கொடுத்தார். திரும்பிப் பார்த்தேன். நீ எனக்கு முன்னாலேயே உள்ளே ஓடியிருந்தாய். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கனவில் எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

இதையெல்லாம் எழுதுவதாக நான் சொல்லியிருக்கவில்லை. பொறுத்துக்கொள்.

அண்ணன்

—

நவம்பர் 2

அண்ணாவுக்கு,

நான் சௌக்கியம். நீ சௌக்கியமில்லை என்று உன் கடிதமே சொல்கிறது.

மருமகள் வாசித்து முடித்ததும், "மறுபடி முதல்லேருந்து வாசி" என்றேன். பிறகு இன்னொரு தடவை. ஒரு நிறம்கூட இல்லை. ஜூலையில் பச்சையில் மூன்று எழுதியவன், ஓவிய அறைக்குப் போய் நின்றுகொண்டு பலகை முனகுகிறது, கட்டை வழவழக்கிறது என்கிறான்! அவள் நீலத்தில்தானே உடுத்தியிருந்தாள்? அந்த நீலத்தை எங்கே ஒளித்துவைத்தாய்? "யாருடி சொன்னது?" என்று கேட்டேன். மருமகள் கடிதத்தை மடித்து உறைக்குள் போடுகிற சத்தம் கேட்டது. புரிந்துவிட்டது.

எனக்குப் போனது கண்தான் அண்ணா. நிறம் போகவில்லை. அதை நீ ஏன் எடுத்துக்கொண்டாய்?

இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் அந்தக் கனவை மட்டும் தனியாக வாசிக்கச் சொன்னேன். கவுன்டருக்கு மேலே "அரை டிக்கெட்" என்று ஒரு பலகை தொங்குமே, நினைவிருக்கிறதா? அப்பா என்னை மேஜைமேல் உட்காரவைத்து, அந்தப் பலகையைப் பார்த்துத்தான் எழுதச் சொல்லிக்கொடுத்தார். நான் முதலில் எழுதிய வார்த்தை அது. அந்த வாசல் வழியாக உள்ளே போனால் வருவதெல்லாம் எனக்கு அரைதான். உன் வல்லினத்தை நீயே வைத்துக்கொள்.

நீ வந்து கூட்டிப்போனால் வருகிறேன். உனக்குத் தனியாக ரயில் ஏறப் பயம் என்று தெரியும். எனக்கும் பயம்தான்.

கீழே இருப்பது என் கையெழுத்து. வரி மலையேறினால் நீ தலையைச் சாய்த்துக்கொள்.

அண்ணா அரை மூடரதுக்குள்ள வா

—

டிசம்பர் 8

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீ சுகமாக வீடு சேர்ந்ததாக உன் மகன் எழுதியிருந்தான். பயணத்தில் கால் வீங்கவில்லையே? இங்கே பேத்திக்கு லேசான காய்ச்சல், இப்போது சரியாகிவிட்டது. எனக்குக் குறையொன்றும் இல்லை.

நீ கேட்டது ஒரே வரி. ஆனால் நடந்ததை வரிசையாகச் சொல்லாமல் அந்த வரிக்கு வர எனக்குத் தெரியவில்லை. வாசிக்கும் மருமகளும் தெரிந்துகொள்ளட்டும்.

ரயிலில் நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. வரும் வழியில் நீ அறிவிப்புகளைக் கேட்டாய், நான் பலகைகளைப் படித்தேன். இரண்டு முறை சண்டை போட்டோம். இரண்டிலும் அறிவிப்புதான் சரி.

நவம்பர் 28, காலை பத்தரை. கவுன்டரில் இருந்த பெண், "முழு டிக்கெட் எத்தனை, அரை எத்தனை?" என்று கேட்டாள். நீ முந்திக்கொண்டு, "எனக்கு அரை போதும்மா. நான் காதால மட்டும்தானே பாக்கப் போறேன்" என்றாய். அவள் என்னைப் பார்த்தாள். "இவருக்கும் அரைதான், காது கேக்காது" என்றாய். மாப்பிள்ளை, "ரெண்டையும் சேத்து ஒரு முழுசாப் போட்டுக்கோங்க" என்றார். "அப்படியெல்லாம் விதி இல்லைங்க" என்று அந்தப் பெண் அழமாட்டாத குறையாகச் சொன்னாள். பலகை இப்போது அங்கே இல்லை. அது தொங்கிய ஆணி இருக்கிறது.

முதல் நான்கு அறைகளில் நீதான் எங்களைக் கூட்டிப்போனாய். மகள் உன் கையைப் பிடித்திருந்தாள் என்பதுதான் பேர். "இப்ப இடப்பக்கம் மூக்கில்லாதவன்" என்றாய், இருந்தான். ஏழாவது பலகையை மிதித்துவிட்டு நின்று, இன்னொரு தடவை மிதித்தாய். மூன்று படிகளையும் எண்ணாமல் இறங்கினாய். நான் பின்னால் வந்தேன். பழைய காகித மஞ்சளில் உன் தலைமுடி நனைந்ததையும், அடுத்த அறையில் அது காய்ந்து வெள்ளையானதையும் பார்த்தேன். இதைப் பார்த்ததாகவே எழுதுகிறேன், தோன்றியதாக அல்ல.

ஐந்தாம் அறை. பழுது வேலைக்காகப் பெட்டிகளை முன்கூட்டியே நகர்த்தத் தொடங்கியிருந்தார்கள். கண்ணாடி அலமாரி அங்கே இல்லை. அது நின்ற இடத்தில் தரை மட்டும் சதுரமாகக் கருத்திருந்தது. அறுபது வருடத்தில் முதல் முறையாக ஓவியம் அடிவரை தெரிந்தது.

"சொல்லு அண்ணா" என்றாய்.

நீலத்தைச் சொன்னேன். மழைக்கு முந்தைய நீலம், மடிப்புகளில் மட்டும் கத்தரிப்பூ நிறம். முற்றத்து வெயிலைச் சொன்னேன். அறைக்குள் இருக்கும் இருட்டு கருப்பு இல்லை, அடர்ந்த காவி என்றேன். பிறகு நிறுத்திவிட்டேன்.

நான் நிறுத்தியதற்குக் காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன். "உள்ளேதான் போகிறாள்" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நீ பார்க்க மாட்டாய். பேத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ, "அலமாரி இல்லைதானே? குரல் சுவர்ல பட்டுத் திரும்புதே. கால் எந்தப் பக்கம்?" என்று கேட்டாய்.

"வெளிய வர்றா" என்றேன்.

நீ சிரித்தாய். "பொய். கண்ணு போனவளுக்குச் சலுகையா?"

"நிஜம்தான் பாட்டி, கட்டைவிரல் வெயில்ல இருக்கு" என்றாள் பேத்தி.

"உனக்கும் சொல்லிக்கொடுத்துட்டாரா? நிறத்தை மறைச்சவர்தானே இவர்! வாயால சொன்னா நான் நம்ப மாட்டேன். எழுத்துல கொடு. அச்சுக்குப் போற மாதிரி எழுது."

அதன்பின் நீ வெகுநேரம் அங்கேயே நின்றாய். ஓவியத்தைப் பார்த்து நிற்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாய். வெளிச்சம் அங்கேதான் இருந்தது. வெளியே வந்தபோது, "அப்படியேதான் இருக்கு அண்ணா, ஒண்ணும் போகலை" என்று நீ சொன்னதாக மகள் பிறகு எழுதிக் காட்டினாள். நீ சொன்னபோது எனக்குக் கேட்கவில்லை.

உன் கையால் எழுதிய வரியை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதில் திருத்தம் எதுவும் இல்லை.

அடிக்கடி எழுது, மருமகளுக்கு என் ஆசிகள். இனி நீ கேட்ட வரி.

அவளுடைய இரண்டு பாதங்களையும், பத்து விரல்களையும், பகல் வெளிச்சத்தில், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூன்று முறை சரிபார்த்தேன். விரல்கள் முற்றத்தைப் பார்த்திருக்கின்றன. ஜூன் 9 அன்று நான் மூன்றாவதாக எழுதியது தவறு.

அண்ணன்